சக்கரங்கள் இல்லாத நகரம்: குடும்பத்தோடு வெனிஸ் போகிறவர்களுக்கு

வெனிஸ் நகரின் பழைய பகுதிக்குள் கார், பேருந்து, மோட்டார் சைக்கிள் எதுவும் ஓடுவதில்லை. துவிச்சக்கரவண்டி ஓட்டுவதற்கும் தடை. பெருநிலத்திலிருந்து கடல்நீரேரியைக் கடந்து வரும் வீதி, பியாசாலே ரோமா என்ற சதுக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கே இறங்கியவர் அதன் பிறகு காலையும் படகையும்தான் நம்ப வேண்டும். நோயாளர் காவு படகு, தீயணைப்புப் படகு, தபால் படகு, குப்பைப் படகு, சீமெந்தும் மணலும் ஏற்றிய படகு என்று ஒரு நகரத்தின் அன்றாடம் முழுவதும் தண்ணீரில் நடக்கிறது. இறந்தவர்களைக்கூடப் படகில்தான் கொண்டுபோகிறார்கள். மயானம் இருப்பதே சான் மிக்கேலே என்ற தனித்தீவில்.

பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இதுவே முதல் விருந்து. வாகனம் வருமோ என்ற பயமின்றிப் பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய நகரங்கள் ஐரோப்பாவில் அதிகமில்லை. ஆனால் தண்ணீர் ஓரங்களில் பெரும்பாலான இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. அந்த இடங்களில் கையை மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் வாழும் நம்மவர்களுக்கும், அவர்களைப் பார்க்க இலங்கையிலிருந்து போகும் பெற்றோருக்கும், வெனிஸ் பெரும்பாலும் மிலானுக்கும் ரோமுக்கும் நடுவில் வரும் ஒருநாள் தரிப்பிடம். காலையில் புகையிரதத்தில் வந்து, மணிக்கூண்டு, பாலம், புறா என்று படமெடுத்துவிட்டு மாலையில் திரும்புவது. இந்த ஒருநாள் பயணத்துக்குத்தான் இப்போது நகரம் கட்டணம் கேட்கிறது. ஏன் கேட்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த நகரம் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சேற்றில் நட்ட மரங்கள்

ஆழமில்லாத ஒரு கடல்நீரேரியின் நடுவே கிடக்கும் 100க்கும் மேற்பட்ட சிறு தீவுகளை 400க்கும் மேற்பட்ட பாலங்களால் தைத்து எடுத்ததுதான் வெனிஸ். யாழ்ப்பாணக் கடல்நீரேரியையோ மட்டக்களப்பு வாவியையோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நீரின் இயல்பு புதிதல்ல. மணல் திட்டுகள் கடலைத் தடுத்து நிற்கும். சில வாய்கள் வழியாக மட்டும் கடல் உள்ளே வந்து போகும். வெனிஸ் நீரேரிக்கு அப்படி மூன்று வாய்கள் உண்டு: லீடோ, மலமோக்கோ, கியோஜ்ஜா.

மென்மையான சேற்றில் கல் கட்டடம் நிற்காது. ஆகவே ஓக், லார்ச், ஆல்டர் போன்ற மரங்களின் தண்டுகளைச் சேற்றுக்குள் நெருக்கமாக அடித்து இறக்கினார்கள். அவற்றின் மேல் பலகை பரப்பி, அதற்கு மேல் உப்புநீரை எளிதில் உறிஞ்சாத இஸ்திரியக் கல்லை அடுக்கினார்கள். அந்தக் கல்லின் மேல்தான் செங்கல் சுவர் எழுந்தது. மரம் ஏன் உக்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். சேற்றுக்குள் பிராணவாயு மிகக் குறைவு. மரத்தை வேகமாக அரிக்கும் பூஞ்சணம் அங்கே வாழ முடியாது. பெருங்கால்வாயின் முகப்பில் வெண்குவிமாடத்தோடு நிற்கும் சாந்தா மரியா தெல்லா சலூட்டே தேவாலயத்தின் கீழே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. 1630இல் பரவிய கொள்ளைநோய் ஓய்ந்ததற்கு நன்றியாக நேர்ந்து கட்டிய கோவில் அது.

மிளகும் கறுவாவும் கட்டிய மாளிகைகள்

விவசாய நிலம் இல்லாத ஒரு சேற்றுத்திட்டுக்கு இத்தனை பளிங்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் நமது பக்கத்துக் கதை ஒன்று சேர்கிறது. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து மிளகும் இஞ்சியும், இலங்கையிலிருந்து கறுவாவும் அரபு வணிகர்களின் கைகள் வழியாகச் செங்கடலைக் கடந்து அலெக்சாந்திரியாவுக்குப் போயின. அங்கே கொள்வனவு செய்து ஐரோப்பா முழுவதற்கும் விற்றவர்களில் முதலிடம் வெனிஸ் வணிகர்களுக்கு. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு நேரடிக் கடல்வழி கண்டது லிஸ்பனுக்குக் கொண்டாட்டம். வெனிஸுக்கு அது கெட்ட செய்தி.

அந்த நகரத்து வணிகக் குடும்பம் ஒன்றின் மகன்தான் மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்து கடல்வழியே திரும்பும்போது இலங்கையையும் தமிழகக் கரையையும் தொட்டதாக அவரது நூல் சொல்கிறது. இலங்கை மன்னனிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட பெரிய மாணிக்கக்கல்லையும், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த முத்துக்குளிப்பையும் அது விவரிக்கிறது. ரியால்ட்டோ பாலத்துக்குச் சற்று வடக்கே, மலிப்ரான் அரங்குக்கு அருகில், கோர்த்தே தெல் மிலியோன் என்ற சிறு முற்றம் உள்ளது. போலோ குடும்பத்தின் வீடு இருந்த இடமாக அது அறியப்படுகிறது. கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை. மன்னார்க் கடலைப் பற்றி எழுதிய ஒருவரின் வீட்டு முற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம்.

சுமார் 1,100 ஆண்டுகள் தனிக் குடியரசாக இருந்த வெனிஸ், 1797 மே 12ஆம் திகதி நெப்போலியனின் படைக்குப் பணிந்து தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. பின்னர் பெரும்பாலும் ஒஸ்திரியாவின் கீழ் இருந்து, 1866இல்தான் இத்தாலியோடு இணைந்தது.

மார்க்கு சதுக்கத்தில் பார்க்க வேண்டியது

வெனிஸில் மற்றச் சதுக்கங்கள் எல்லாம் 'கம்போ', அதாவது வயல். பியாசா என்ற பெயர் புனித மார்க்கு சதுக்கத்துக்கு மட்டுமே உரியது. 828இல் அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மார்க்கின் உடலை வெனிஸ் வணிகர்கள் பன்றி இறைச்சிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்பது மரபுக்கதை. முஸ்லிம் சுங்க அதிகாரிகள் அதைத் தொடமாட்டார்கள் என்ற கணக்கு. இப்போதுள்ள பேராலயம் 11ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. உள்ளே கூரையெங்கும் பொன்பதித்த சிறு கண்ணாடிச் சில்லுகளால் ஆன ஓவியங்கள்.

வாசலுக்கு மேலே நிற்கும் நான்கு வெண்கலக் குதிரைகளின் வரலாறு, களவு மேல் களவு. 1204இல் நான்காவது சிலுவைப் போரின்போது கொன்ஸ்தாந்திநோப்பிளைச் சூறையாடி வெனிஸ் கொண்டுவந்தது. 1797இல் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1815இல் திரும்பி வந்தன. கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு அல்ல, வெனிஸுக்கு. வெளியே நிற்பவை பிரதிகள். அசல் குதிரைகள் மாடியிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். எடுக்கலாம், ஏனெனில் அந்த மாடியிலிருந்து சதுக்கம் முழுவதும் தெரியும்.

தோளும் முழங்காலும் மூடிய உடை, பெரிய பைகள் இல்லாமை ஆகிய இரண்டும் பேராலயத்துக்குத் தேவை. கோடையில் காற்சட்டையோடு வந்து வாசலில் திருப்பி அனுப்பப்படுபவர்கள் பலர். பையில் ஒரு சால்வை வைத்திருப்பது நல்லது.

மணிக்கூண்டு ஏறக்குறைய 99 மீற்றர் உயரம். 1902 ஜூலை 14ஆம் திகதி காலை அது அப்படியே சரிந்து விழுந்தது. மனிதர் எவரும் இறக்கவில்லை. காவலாளியின் பூனை மட்டும் இறந்ததாகச் சொல்வார்கள். இருந்த இடத்தில், இருந்தபடியே கட்டுவது என்று முடிவெடுத்து 1912இல் திறந்தார்கள். மின்தூக்கி இருப்பதால் வயதானவர்களும் ஏறலாம். வரிசை நீளமாக இருந்தால், எதிரே நீருக்கு அப்பாலுள்ள சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவின் மணிக்கூண்டுக்குப் படகில் போய்விடலாம். அங்கும் மின்தூக்கி உண்டு, கூட்டம் குறைவு. மார்க்கு சதுக்கத்தையே காட்சியாகப் பார்ப்பதற்கு அதுதான் சரியான இடமும்கூட.

பக்கத்திலுள்ள தோஜே மாளிகை குடியரசின் அரச மன்றம், நீதிமன்றம், சிறை எல்லாமாக இருந்தது. அங்கிருந்து சிறைக்குப் போகும் மூடிய பாலத்துக்குப் 'பெருமூச்சுப் பாலம்' என்று பெயர். காதலர் பாலம் என்று விற்கப்படும் இந்தப் பாலத்தில் நடந்தவர்கள் கைதிகள். மாளிகையின் கூரையடிச் சிறையிலிருந்து 1756இல் கசனோவா தப்பியோடினார். மாளிகைச் சீட்டை 30 நாட்களுக்கு முன்னரே இணையத்தில் எடுத்தால் விலை குறையும். 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம்.

படகுக் கணக்கு

குடும்பத்தின் பணம் கரைவது பெரும்பாலும் படகில்தான். 'வப்பொரெத்தோ' என்பது பொதுப் போக்குவரத்துப் படகு. நமது பேருந்து போல. ஒரு தடவைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடங்களுக்குச் செல்லும். ஒரு நாள் சீட்டு 25 யூரோ, இரண்டு நாள் 35, மூன்று நாள் 45. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். 6 முதல் 29 வயது வரையானவர்கள் 6 யூரோவுக்கு 'ரோலிங் வெனிஸ்' அட்டை எடுத்தால் மூன்று நாள் சீட்டு 27 யூரோவுக்குக் கிடைக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டுக்கு இது கணிசமான மிச்சம். பயணம் தொடங்கும்போது சீட்டை இயந்திரத்தில் காட்டிப் பதிய மறந்தால் தண்டம் விழும்.

புகையிரத நிலையத்திலிருந்து முதலாம் இலக்கப் படகில் ஏறினால் பெருங்கால்வாய் முழுவதையும் பார்த்துவிடலாம். சுமார் 3.8 கிலோமீற்றர். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று போகும் அந்தப் படகைவிட மலிவான சுற்றுலா வெனிஸில் இல்லை. முடிந்தால் மாலை இருட்டும் நேரத்தில், முன்பக்கம் அல்லது பின்பக்கம் வெளி ஆசனத்தில்.

கொண்டோலா வேறு கணக்கு. பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்குப் பின் 35 நிமிடத்துக்கு 110 யூரோ என்பது நகரம் நிர்ணயித்த கட்டணம். இது படகுக்குரிய விலை, ஆளுக்குரியது அல்ல; ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறுவதற்கு முன் விலையையும் நேரத்தையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். கொண்டோலாவைச் சற்று நேராகப் பார்த்தால் அது கோணலாக இருப்பது தெரியும். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அகலம். ஒரே துடுப்பால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளுவதால் படகு திரும்பிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஒரு வள்ளத்தை இப்படி வேண்டுமென்றே கோணலாகச் செய்வதைக் கடலோரத்தில் பிறந்தவர்கள் ரசிப்பார்கள்.

அனுபவம் மட்டும் போதும் என்பவர்களுக்கு 'திரகெத்தோ' உண்டு. பாலம் இல்லாத இடங்களில் பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கும் தோணி. ஆளுக்கு 2 யூரோ, சில நிமிடம். நால்வர் குடும்பம் 8 யூரோவில் துடுப்புப் படகில் ஏறி இறங்கிவிடலாம்.

தீவுகளுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். தீ விபத்துப் பயத்தால் 1291இல் கண்ணாடி உலைகளை எல்லாம் நகரத்திலிருந்து அனுப்பிய தீவு முரானோ. நிறம் நிறமான வீடுகளும் பின்னல் வேலையும் புரானோவில். மூன்றாவதான தோர்ச்செல்லோவில் இறங்காமல் பலர் திரும்பிவிடுகிறார்கள், அது பிழை. வெனிஸ் பெரிதாவதற்கு முன் இந்த நீரேரியில் செழித்திருந்த குடியேற்றம் அதுதான். நீரேரி தூர்ந்து மக்கள் வெளியேற, இன்று ஒரு பழைய பேராலயமும் புல்வெளியும் விரல்விட்டு எண்ணக்கூடிய குடியிருப்பாளர்களும் மிஞ்சியுள்ளனர்.

தள்ளுவண்டி, சோறு, மலசலகூடம்

சிறுபிள்ளையோடு போகிறவர்கள் தள்ளுவண்டியை நம்ப வேண்டாம். பாலங்கள் பெரும்பாலும் படிகளால் ஆனவை. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் வண்டியைத் தூக்கி இறக்க வேண்டிவரும். பிள்ளையை உடலோடு கட்டிக்கொள்ளும் பை நல்லது. அதே காரணத்தால் பெரிய பயணப்பைகளும் தொல்லை. தங்குமிடத்தைத் தெரிவுசெய்யும்போது படகுத் தரிப்பிடத்திலிருந்து எத்தனை பாலம் தாண்ட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவோ மாமியோ கூட வந்தால் இந்தக் கேள்வி விலையைவிட முக்கியம்.

முகவரியும் ஒரு புதிர். வீட்டிலக்கங்கள் வீதிவாரியாக ஓடுவதில்லை. நகரின் ஆறு பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடராக ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. இலக்கத்தோடு அருகிலுள்ள தேவாலயத்தின் பெயரையும் குறித்து வைத்திருங்கள்.

குடிநீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. சதுக்கங்களில் உள்ள பொதுக் குழாய்களின் தண்ணீர் குடிக்க உகந்தது. பொது மலசலகூடங்களுக்குக் கட்டணம் உண்டு, சில்லறை வைத்திருங்கள். உணவகப் பட்டியலில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு ஒரு தொகை சேர்ந்திருந்தால் அது ஏமாற்று அல்ல, இத்தாலியில் வழக்கமான மேசைக் கட்டணம். மார்க்கு சதுக்கத்தின் பழைய கோப்பிக் கடைகளில் வாத்திய இசைக்கும் தனியாக அறவிடுவார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள் சோறு கேட்டால், பாலத்துக்கு அப்பாலுள்ள மெஸ்த்ரேக்குப் புகையிரதத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கப்பல் கட்டும் தளத்திலும் உணவகங்களிலும் வேலை செய்யும் பெரிய வங்காளதேசச் சமூகம் அங்கே வாழ்கிறது. நிலையத்தைச் சுற்றி சோறும் கறியும் கிடைக்கும்.

சதுக்கத்தில் புறாக்களுக்குத் தீனி போடுவதும், படிகளில் குந்தியிருந்து சாப்பிடுவதும், கால்வாயில் இறங்கிக் குளிப்பதும் தண்டத்துக்குரியவை.

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் கீழ் இல்லை. கோடை விடுமுறைக்கென்றால் விண்ணப்பத்தைப் பல வாரங்களுக்கு முன்னரே கொடுக்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் ஏன்?

2024 ஏப்ரல் 25 முதல், குறித்த சில நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை பழைய நகருக்குள் வரும் ஒருநாள் பயணிகள் 5 யூரோ செலுத்த வேண்டும் என்று வெனிஸ் மாநகர சபை விதித்தது. முதலாண்டு 29 நாட்கள். 2025இல் அது 54 நாட்களானது. கடைசி மூன்று நாட்களுக்குள் பதிபவர்களுக்கு 10 யூரோவாகவும் உயர்ந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விலக்கு. நகருக்குள் இரவு தங்குபவர்கள் ஏற்கெனவே தங்குவரி கொடுப்பதால் அவர்களுக்கும் விலக்கு. ஆனால் அந்த விலக்கை இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீடு எடுத்திருக்க வேண்டும். நாட்களும் தொகையும் ஆண்டுதோறும் மாறுகின்றன. போகும் திகதியைச் சபையின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தால் கூட்டம் குறைந்ததா என்றால், பெரிதாக இல்லை. சுவிஸிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ குடும்பமாக வருகிறவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போகமாட்டார். உள்ளூர் மக்களில் ஒரு பகுதியினர், நகரத்தைச் சீட்டு வாங்கி நுழையும் பூங்காவாக்குகிறீர்கள் என்று முதல்நாளே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அவர்களது கோபத்தின் வேர் கட்டணத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2009இல் 60,000க்குக் கீழே போனபோது கொண்டோலாவில் சவப்பெட்டி ஏற்றி நகரத்துக்கே மரணச் சடங்கு நடத்தினர். 2022இல் 50,000க்கும் குறைந்தது. 2023இல் உல்லாசப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்பாளர்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. ஒரு மாடி வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு விடுவது இலாபம் என்றால் ஆசிரியரும் தாதியும் மெஸ்த்ரேக்குப் போகத்தான் வேண்டும். பலசரக்குக் கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை வருகிறது.

தண்ணீரும் விடவில்லை. 2019 நவம்பர் 12ஆம் திகதி இரவு கடல்மட்டம் 187 சென்ரிமீற்றர் வரை ஏறியது. 1966இன் 194 சென்ரிமீற்றருக்குப் பிறகு அதுவே உச்சம். மூன்று கடல்வாய்களிலும் 78 எஃகுக் கதவுகளை நிறுத்தும் 'மோசே' திட்டம் பல ஆண்டுத் தாமதத்துக்கும், 2014இல் வெடித்த ஊழல் வழக்குக்கும், 500 கோடி யூரோவுக்கு மேற்பட்ட செலவுக்கும் பிறகு 2020 ஒக்டோபர் 3ஆம் திகதி முதன்முறை வெள்ளத்தைத் தடுத்தது. கதவு வேலை செய்கிறது. ஆனால் கடல் உயர உயர அதை அடிக்கடி மூட வேண்டிவரும். மூடியிருக்கும் நேரம் நீரேரி மூச்சுவிடாது, துறைமுகமும் காத்திருக்க வேண்டும்.

25,000 தொன்னுக்கு மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள் 2021 ஓகஸ்ட் முதல் மார்க்கு சதுக்கத்தின் முன்னால் போக முடியாது. வழிகாட்டிக் குழுக்கள் 25 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்பவை 2024இல் வந்த விதிகள்.

இதற்கெல்லாம் ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்? என் பரிந்துரை, ஒருநாள் பயணத்தைக் கைவிட்டு இரண்டு இரவு தங்குவது. நவம்பரிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ போனால் அறை வாடகை இறங்கியிருக்கும். பெப்ரவரியில் கார்னிவல் வாரங்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். பதிவுபெற்ற சிறு விடுதியொன்றில், கன்னரேஜ்ஜோ அல்லது கஸ்தெல்லோ பக்கம் தங்கலாம். யூதர்களை இரவில் பூட்டிவைக்க 1516இல் ஒதுக்கிய தீவு கன்னரேஜ்ஜோவில்தான் உள்ளது. 'கெட்டோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த இடம். ரியால்ட்டோ சந்தையில் மீன் விற்பனை காலையோடு முடிந்துவிடும். ஞாயிறும் திங்களும் மீன் இல்லை. மாலை 6 மணிக்குப் பிறகு ஒருநாள் கூட்டம் புகையிரதம் ஏறிவிடும். அதன் பின் ஏதாவது ஒரு கம்போவில் உட்கார்ந்தால், அங்கே பள்ளி முடிந்த பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள்.